இத்தனை இன்ஜினீயர்கள் இருந்தும் ஒரு ஆள் கிடைக்கவில்லையா? - சாப்ட்வேர் கம்பெனிகளில் ஆட்கள் பங்கு பிரிக்கப்படும் விதம்

சென்ற மாதம் என் சித்தப்பா புதிதாக ஒரு லேப்டாப் வாங்கினார். விண்டோஸ் 11 போட்டது. ரிட்டயர் ஆன பிறகு வாங்கிய முதல் கம்ப்யூட்டர் என்பதால், ஒவ்வொரு மெனுவாகத் திறந்து பார்த்துக் கொண்டிருந்தார். டபுள் கிளிக் செய்தால் சில சமயம் பைல் திறக்கிறது, சில சமயம் திறக்கவில்லை என்றார். இரண்டு கிளிக்குகளுக்கும் நடுவே இடைவெளி கூடிவிட்டால் அப்படித்தான் ஆகும். அந்த வேகத்தைக் குறைத்து வைத்துவிட்டால் போதும்.

செட்டிங்ஸைத் திறந்து, புளூடூத் அண்ட் டிவைசஸ் என்ற பகுதிக்குச் சென்று, அதில் மவுஸ் என்பதைக் கிளிக் செய்தோம். அம்புக்குறி நகரும் வேகத்தை அங்கேயே மாற்றலாம். ஆனால் டபுள் கிளிக் வேகம் அங்கே இல்லை. அதற்கு 'அடிஷனல் மவுஸ் செட்டிங்ஸ்' என்பதைக் கிளிக் செய்தேன். பழைய விண்டோஸின் முகத்தோடு ஒரு சின்ன விண்டோ தனியாக வந்து நின்றது. வேலை முடிந்தது.

சித்தப்பா விடவில்லை. "ஏம்ப்பா, உலகத்துலயே பெரிய கம்பெனிங்கிற. ஆயிரக்கணக்குல இன்ஜினீயர் இருக்கான். அந்த ஜன்னல்ல இருக்கிறதை இந்த ஜன்னலுக்கு மாத்த ஒரு ஆள் கிடைக்கலையா?" என்று கேட்டார்.

கம்ப்யூட்டர் வாங்கிய எல்லோரும் ஒரு நாள் கேட்கும் கேள்விதான் இது. நான் ஐந்தாறு வருடங்களாக சாப்ட்வேர் கம்பெனிகளில் வேலை பார்க்கிறேன். வேலையில் சேர்வதற்கு முன் நானும் இதையேதான் கேட்டிருப்பேன். ஆள் இல்லாமல் இல்லை. ஆனால் எந்த ஆள் எந்த வேலையைத் தொடலாம் என்பதை, அந்த வேலை எவ்வளவு அவசியம் என்பது மட்டும் முடிவு செய்வதில்லை. கம்பெனிக்குள் யார் யாருக்குக் கீழே இருக்கிறார்கள் என்று காட்டும் படம் ஒன்று இருக்கிறது. பெரும்பாலும் அந்தப் படம்தான் முடிவு செய்கிறது.

கம்ப்யூட்டருக்குள்ளும் கம்பெனிக்குள்ளும்

உங்கள் கீ போர்டில் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று கீகளையும் ஒன்றாக அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். எந்த புரோகிராம் எவ்வளவு மெமரியையும் பிராசசரையும் எடுத்துக் கொள்கிறது என்று அதில் தெரியும். மெமரி, பிராசசர், டிஸ்க் இவற்றைத்தான் கம்ப்யூட்டரின் ரிசோர்ஸ் என்கிறோம். ஒரு புரோகிராம் கேட்டால் ஆப்பரேட்டிங் சிஸ்டம் மெமரியைக் கொடுக்கிறது. மூடினால் திரும்ப வாங்கிக் கொள்கிறது. அந்த புரோகிராம் சி டிரைவில் இருக்கிறதா, டி டிரைவில் இருக்கிறதா என்று பார்த்து அது பங்கு பிரிப்பதில்லை.

சாப்ட்வேர் கம்பெனிகளிலும் ரிசோர்ஸ் என்ற சொல் உண்டு. அங்கே அது மனிதர்களைக் குறிக்கும். 'இந்த புராஜெக்டுக்கு இரண்டு ரிசோர்ஸ் வேண்டும்' என்றால், இரண்டு இன்ஜினீயர்கள் வேண்டும் என்று அர்த்தம். (இந்தச் சொல் எனக்கு இன்று வரை பிடிக்கவில்லை. பழகிவிட்டது.) டெஸ்ட் செய்பவர்கள், டெஸ்ட் செய்வதற்கான மெஷின்கள், சர்வர், பட்ஜெட் ஆகியவையும் இதில் சேரும். ஆனால் இவற்றைப் பங்கு போட ஆப்பரேட்டிங் சிஸ்டம் கிடையாது. பக்கத்து வரிசையில் ஒருவர் வேலையில்லாமல் உட்கார்ந்திருப்பார். அவர் எந்த மேனேஜருக்குக் கீழே இருக்கிறார் என்பதைப் பொறுத்துத்தான் அவரை அழைக்க முடியும்.

இது சாப்ட்வேரையே எப்படி மாற்றிவிடும் என்பதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. மெல்வின் கான்வே என்ற அமெரிக்க புரோகிராமர் 1968-ஆம் ஆண்டு 'டேட்டாமேஷன்' என்ற பத்திரிகையில் எழுதிய கட்டுரையில் இதைச் சொல்கிறார். ஒரு நிறுவனத்தில் கோபால், அல்கால் ஆகிய இரண்டு கம்ப்யூட்டர் மொழிகளுக்கும் கம்பைலர் எழுத 8 பேர் இருந்தார்கள். புரோகிராமரின் எழுத்தை மெஷின் புரிந்து கொள்ளும்படி மாற்றித் தருவதுதான் கம்பைலர். கோபாலுக்கு 5 பேர், அல்காலுக்கு 3 பேர் என்று பிரித்தார்கள். வேலை முடிந்ததும் பார்த்தால், கோபால் கம்பைலர் 5 கட்டங்களாக ஓடியது. அல்கால் கம்பைலர் 3 கட்டங்களாக ஓடியது! ஆளுக்கு ஒரு கட்டம். மொழிக்கு எத்தனை கட்டம் தேவை என்பதல்ல, எத்தனை பேர் இருந்தார்கள் என்பதுதான் சாப்ட்வேரில் பதிந்திருக்கிறது. ஒரு அமைப்பு உருவாக்கும் எதுவும் அந்த அமைப்பின் உள் தொடர்புகளின் ஜாடையிலேயே இருக்கும் என்பது அவர் கண்ட முடிவு. கம்ப்யூட்டர் உலகில் இதை கான்வே விதி என்று அழைக்கிறார்கள்.

மூன்று மண்டபம், ஒரே முகூர்த்தம்

கம்பெனிகள் பொதுவாக மூன்று விதமாக அமைக்கப்படுகின்றன. கல்யாணச் சமையலை வைத்துப் பார்த்தால் எளிதாகப் புரியும். ஒரே முகூர்த்த நாளில் ஊரில் மூன்று மண்டபங்களில் கல்யாணம் என்று வைத்துக் கொள்வோம்.

மூன்றுக்கும் ஒரே காண்டிராக்டர் என்றால், அவரிடம் காய் நறுக்க ஒரு குழு, சாதம் வடிக்க ஒரு குழு, இனிப்புக்கு ஒரு மாஸ்டர் என்று இருப்பார்கள். எங்கே கூட்டம் அதிகமோ அங்கே ஆளைத் திருப்பி விடலாம். ஆனால் எதற்கெடுத்தாலும் காண்டிராக்டரைத்தான் கேட்க வேண்டும். சின்ன மண்டபத்துக்காரர் பாடு கொஞ்சம் திண்டாட்டம்தான். தொழில்வாரியாகப் பிரிக்கும் இந்த முறைக்கு 'பங்ஷனல்' என்று பெயர்.

ஒவ்வொரு மண்டபத்துக்கும் தனித்தனி சமையல்காரர், தனி மளிகை, தனிக் கணக்கு என்றால் அது 'டிவிஷனல்'. முடிவுகள் சீக்கிரம் எடுக்கலாம். ஆனால் ஒரு மண்டபத்தில் பாயசம் மிஞ்சிக் கிடக்கும்போது அடுத்த மண்டபத்தில் சாம்பாருக்குத் தண்ணீர் ஊற்றிக் கொண்டிருப்பார்கள். கேட்டால், 'அது அவங்க கணக்கு'.

மூன்றாவது முறையில், சமையல்காரர் காண்டிராக்டரின் ஆள். சம்பளம் அவர் கொடுக்கிறார். ஆனால் அன்றைக்கு மண்டபத்தில் பெண்ணின் அப்பா சொல்வதையும் கேட்க வேண்டும். ஒரு ஆளுக்கு இரண்டு முதலாளிகள். இதுதான் 'மேட்ரிக்ஸ்'. 1960-களில் அமெரிக்காவின் விமான, விண்வெளி நிறுவனங்களில் பரவிய முறை இது. நம் ஊர் ஐ.டி. கம்பெனிகளில் பெரும்பாலும் இதுதான். அதற்குப் பிறகு வருகிறேன்.

ஒரே கம்பெனி, இரண்டு வாக்மேன்

முதலில் டிவிஷனல் முறை. 1979-ல் வாக்மேனை அறிமுகப்படுத்திய சோனி, 1994-ல் தன்னையே பல உள் கம்பெனிகளாகப் பிரித்துக் கொண்டது. ஒவ்வொன்றுக்கும் தனித் தலைவர், தனி லாப நஷ்டக் கணக்கு. அவரவர் லாபத்துக்கு அவரவர் பொறுப்பு என்றால் எல்லோரும் சுறுசுறுப்பாக வேலை செய்வார்கள் என்பது எண்ணம். தவறான எண்ணம் என்று சொல்ல முடியாது.

1999 நவம்பரில் அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் நடந்த காம்டெக்ஸ் கம்ப்யூட்டர் கண்காட்சியில், கேசட்டும் சி.டி.யும் இல்லாமல் சிப்பில் பாட்டைச் சேமிக்கும் பிளேயரை சோனி காட்டியது. ஒன்றல்ல, இரண்டு. ஆடியோ பிரிவினர் செய்த மெமரி ஸ்டிக் வாக்மேன் ஒன்று. வையோ கம்ப்யூட்டர் பிரிவினர் செய்த மியூசிக் கிளிப் மற்றொன்று. இரண்டும் ஒரே வேலையைச் செய்பவை. சோனி மியூசிக் என்ற பாட்டுக் கம்பெனியும் அதே குடையின் கீழ் இருந்தது. திருட்டுத்தனமாகப் பாட்டு காப்பி ஆகிவிடக் கூடாது என்பது அவர்கள் கவலை. எனவே அந்தப் பிளேயர்களில் எம்பி3 பைலை அப்படியே காப்பி செய்து போட முடியாது. சோனியின் சொந்த பார்மட்டுக்கு மாற்றித்தான் ஏற்ற வேண்டும்.

இங்கே கவனியுங்கள். நல்ல எலெக்ட்ரானிக்ஸ் இன்ஜினீயர்கள், நல்ல கம்ப்யூட்டர் இன்ஜினீயர்கள், பாட்டுகள், பணம், பெயர் எல்லாம் ஒரே கம்பெனியிடம் இருந்தன. ஆனால் அவை வெவ்வேறு கட்டங்களில் இருந்தன. ஒரே பிளேயருக்காக எல்லோரையும் ஒரு அறையில் உட்கார வைக்க வேண்டுமானால், ஒரு கட்டத்தின் தலைவர் தன் ஆட்களை இன்னொருவர் லாபத்துக்காக அனுப்ப வேண்டும். வருடக் கடைசியில் அவருடைய கணக்கைத்தானே பார்ப்பார்கள்? அவர் ஏன் அனுப்பப் போகிறார்?

2001 அக்டோபரில் ஆப்பிள் ஐபாட் வந்தது. எம்பி3 பைலை அப்படியே ஏற்றுக் கொண்டது. பிளேயர், கம்ப்யூட்டரில் ஓடும் ஐட்யூன்ஸ், 2003 ஏப்ரலில் தொடங்கிய பாட்டுக் கடை என்று மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தின. வாக்மேன் என்ற பெயரைப் பெற்றெடுத்த கம்பெனி பின்னால் தங்கிவிட்டது.

ஆப்பிளில் மேக்குக்கு வந்த சோதனை

ஆப்பிளும் ஒரு காலத்தில் தனித்தனிப் பிரிவுகளாக இருந்த கம்பெனிதான். 1997-ல் ஸ்டீவ் ஜாப்ஸ் திரும்பி வந்ததும் பிரிவுத் தலைவர்களை எடுத்துவிட்டு, முழு கம்பெனிக்கும் ஒரே லாப நஷ்டக் கணக்கு என்று மாற்றினார். ஹார்ட்வேர் ஒருவருக்குக் கீழே, சாப்ட்வேர் ஒருவருக்குக் கீழே, டிசைன் ஒருவருக்குக் கீழே. அதாவது பங்ஷனல் முறை. தயாரிப்புகளின் எண்ணிக்கையையும் வெகுவாகக் குறைத்தார்.

இதன் பலன் என்ன, விலை என்ன என்பது இரண்டும் ஒரே அறிவிப்பில் தெரிந்தது. 2007 ஏப்ரல் 12 அன்று, மேக் கம்ப்யூட்டர்களுக்கான லெப்பர்ட் என்ற புதிய ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஜூனில் வராது, அக்டோபரில்தான் வரும் என்று ஆப்பிள் சொன்னது. காரணத்தையும் மறைக்கவில்லை. ஐபோனைக் குறித்த நாளில் முடிப்பதற்காக, மேக் குழுவிலிருந்து முக்கியமான சாப்ட்வேர் இன்ஜினீயர்களையும் டெஸ்ட் செய்பவர்களையும் கடன் வாங்க வேண்டியிருந்தது என்றது. ஐபோன் ஜூன் 29-ல் கடைக்கு வந்தது. லெப்பர்ட் அக்டோபர் 26-ல் வந்தது.

மேக்குக்குத் தனித் தலைவரும் தனிக் கணக்கும் இருந்திருந்தால் அந்த ஆட்களை அவர் விட்டிருப்பாரா? சுலபமாக விட்டிருக்க மாட்டார் என்பதுதான் என் எண்ணம். சண்டை போட்டிருப்பார். ஐபோன் தாமதமாகியிருக்கலாம். ஆனால் மேக் வாங்கிவிட்டுக் காத்திருந்தவர்கள் பக்கத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். அவர்களுக்காக வாதாட ஒரு தலைவர் அங்கே இல்லை. பெரிய வேலை வந்தால் சின்ன வேலையிலிருந்து ஆட்கள் போய்விடுவார்கள் என்பது இந்த முறையின் நிரந்தரமான குணம். ஆப்பிள் செய்வதெல்லாம் சரி என்று சொல்லும் நண்பர்களுக்கு இதைச் சொன்னால் கோபம் வருகிறது.

ஐந்து வருடம் தூங்கிய பிரவுசர்

கட்டம் மாறினால் ஆட்கள் எப்படி மறைந்து போவார்கள் என்பதற்கு இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் கதையை விடச் சிறந்த உதாரணம் இல்லை. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு இந்தப் பெயர் தெரியாமல் இருக்கலாம். இன்று நீங்கள் பார்க்கும் எட்ஜ் பிரவுசருக்கு முன் விண்டோஸில் இருந்த பிரவுசர் அது. மைக்ரோசாப்ட் 2022 ஜூனில் அதற்கு விடை கொடுத்துவிட்டது.

1990-களின் பிற்பகுதியில் நெட்ஸ்கேப் என்ற பிரவுசருக்கும் இதற்கும் கடும் போட்டி. 1999 வாக்கில் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் வேலையில் ஆயிரம் பேருக்கு மேல் இருந்தார்கள். 2001-ல் ஆறாவது பதிப்பு விண்டோஸ் எக்ஸ்பியுடன் வந்தபோது போட்டி முடிந்துவிட்டது. உலகத்தில் 10-ல் 9 பேருக்கு மேல் இந்த பிரவுசரையே பயன்படுத்தினார்கள். இப்படி ஜெயித்த ஒரு குழுவுக்கு என்ன கிடைத்திருக்க வேண்டும்? கிடைத்தது கலைப்புதான். பெரும்பாலானவர்கள் வேறு வேலைகளுக்கு மாற்றப்பட்டார்கள்.

காரணம் எளிது. பிரவுசர் இலவசம். அதற்கென்று ஒரு வருமானக் கணக்கு இல்லை. விண்டோஸ் என்ற பெரிய கட்டத்துக்குள் ஒரு சின்னக் கட்டம் அது. இனி பிரவுசர் தனியாக வராது, அடுத்த விண்டோஸுடன்தான் வரும் என்று 2003-ல் சொன்னார்கள். அடுத்த விண்டோஸோ, பின்னாளில் விஸ்டா என்று பெயர் பெற்ற லாங்ஹார்ன், தள்ளிக் கொண்டே போனது. நடுவில் 2003-ல் ஸ்லாமர், பிளாஸ்டர் என்ற வார்ம்கள் உலகம் முழுவதும் கம்ப்யூட்டர்களைப் பதம் பார்த்தன. எக்ஸ்பியின் பாதுகாப்பைச் சரி செய்ய லாங்ஹார்னிலிருந்தே ஆட்களை எடுத்தார்கள். அப்படி உருவானதுதான் 2004 ஆகஸ்டில் வந்த சர்வீஸ் பேக் 2. வேண்டாத விளம்பர விண்டோக்களைத் தடுக்கும் வசதியே அதில்தான் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்குக் கிடைத்தது. அதே மாதம், பைல்களைத் தேடி எடுப்பதற்காகப் பெரிதாக அறிவித்திருந்த வின்எப்எஸ் என்ற பகுதி லாங்ஹார்னிலிருந்து வெட்டப்பட்டது.

அந்த வருடங்களில் வீட்டில் எக்ஸ்பி வைத்திருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். இன்டர்நெட்டில் நுழைந்தால் விளம்பர விண்டோக்கள் கொட்டும், கேட்காமலே டூல்பார்கள் ஏறிக் கொள்ளும். கம்ப்யூட்டர் கடைக்காரர் வந்து பார்மட் செய்து காசு வாங்கிப் போவார். பலர் தங்கள் மேல்தான் தப்பு என்று நினைத்தார்கள். 2004 நவம்பரில் பயர்பாக்ஸ் 1.0 வந்து ஆட்கள் அந்தப் பக்கம் போக ஆரம்பித்த பிறகு, 2005 பிப்ரவரியில் பில் கேட்ஸ் ஏழாவது பதிப்பை அறிவித்தார். அது 2006 அக்டோபரில் வந்தது. இரண்டு பதிப்புகளுக்கும் நடுவே ஐந்து வருடங்கள்.

ஆப் பட்டனுக்கு 43 பேர்

ஆட்களைக் குறைத்தால்தான் தொல்லை என்று நினைக்க வேண்டாம். பல கட்டங்களிலிருந்து ஆட்களைச் சேர்த்தாலும் தொல்லைதான். 2006 நவம்பரில் கம்பெனிகளுக்கும் 2007 ஜனவரியில் கடைகளுக்கும் வந்த விஸ்டாவில், கம்ப்யூட்டரை நிறுத்துவதற்கு ஸ்டார்ட் மெனுவில் இரண்டு பட்டன்கள், பக்கத்தில் ஒரு அம்புக்குறி, அதை அழுத்தினால் ஏழு வழிகள் கொண்ட பட்டியல். மொத்தம் ஒன்பது. ஆப் செய்ய வந்தவர் தலையைச் சொறிய வேண்டியதுதான்.

அந்த மெனுவில் வேலை பார்த்த ஒரு இன்ஜினீயர் 2006-ல் நடந்ததை எழுதினார். லேப்டாப் வசதிகளைக் கவனிக்கும் அவருடைய குழு, ஸ்டார்ட் மெனு வைத்திருந்த குழு, மின்சாரத்தை நிறுத்தும் உள்பகுதியைக் கவனிக்கும் கெர்னல் குழு என்று மூன்று குழுக்களுக்கு இதில் பங்கு. மூன்று குழுக்களையும் சேர்த்து 24 பேர். மேலே உள்ள மேனேஜர்களையும் எண்ணினால் இந்த மெனுவைப் பற்றிக் கருத்துச் சொல்லக் கூடியவர்கள் 43 பேர். கடைசி முடிவு எடுக்கும் அதிகாரம் அந்த 24 பேரில் ஒருவருக்கும் இல்லை. இவர் ஒரு மாற்றம் செய்தால் அது எல்லா மட்டங்களையும் தாண்டி மையப் பகுதிக்குப் போய்ச் சேரவே ஒன்று முதல் மூன்று மாதம் ஆனதாம். ஒரு வாரத்தில் முடிய வேண்டிய வேலையில் ஒரு வருடம் போனது. எழுதிய புரோகிராம் கடைசியில் சில நூறு வரிகள்.

தாமதமான வேலையில் மேலும் ஆட்களைச் சேர்த்தால் அது மேலும் தாமதமாகும் என்று பிரெட் புரூக்ஸ் 1975-லேயே எழுதிவிட்டார். ஐ.பி.எம். கம்பெனியில் பெரிய ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஒன்றை நடத்திச் சூடுபட்டவர் அவர்.

2008-ல் மைக்ரோசாப்டின் ஆராய்ச்சிப் பிரிவினரும் ஒரு பேராசிரியரும் சேர்ந்து விஸ்டாவையே எடுத்து ஆராய்ந்தார்கள். 5 கோடி வரிகளுக்கு மேல் உள்ள அந்த சாப்ட்வேரில் எந்தப் பகுதி பின்னால் தகராறு செய்யும் என்பதை முன்கூட்டியே சொல்ல முடியுமா என்று பார்த்தார்கள். புரோகிராம் எவ்வளவு சிக்கலானது, எவ்வளவு முறை மாற்றப்பட்டது என்ற அளவுகளை விட, கம்பெனியின் அமைப்பு பற்றிய அளவுகள் நன்றாகச் சொல்லின. ஒரு பகுதியைத் தொட்டவர்கள் எத்தனை பேர், அவர்களில் கம்பெனியை விட்டுப் போனவர்கள் எத்தனை பேர், அந்தப் பகுதிக்குப் பொறுப்பான மேனேஜர் எத்தனை மட்டம் மேலே இருக்கிறார் என்பவைதான் அந்த அளவுகள். இந்த முறை தகராறு செய்யும் என்று கைகாட்டிய பகுதிகளில் 100-க்கு சுமார் 86 நிஜமாகவே தகராறு செய்தன. புரோகிராமில் ஒரு வரியைக் கூடப் படிக்காமல்!

அடுத்த விண்டோஸை ஸ்டீவன் சினோப்ஸ்கி எடுத்துக் கொண்டார். ஆபீஸ் சாப்ட்வேரைக் குறித்த காலத்தில் முடித்துப் பெயர் வாங்கியவர். விண்டோஸ் 7 வேலையை சுமார் 25 குழுக்களாகவும், குழுவுக்குச் சராசரியாக 40 புரோகிராமர்களாகவும் அமைத்தார். ஒரு வசதிக்கு ஒரு குழு பொறுப்பு. விண்டோஸ் 7 2009 அக்டோபர் 22-ல் வந்தது. ஸ்டார்ட் மெனுவில் 'ஷட் டவுன்' என்று எழுத்திலேயே ஒரே ஒரு பட்டன். மற்ற வழிகள் பக்கத்து அம்புக்குறிக்குள் ஒதுங்கிவிட்டன.

நம் ஊரில் 'பெஞ்ச்'

வாசகர்களில் பலர், இன்ஜினீயரிங் படிக்கும் மகனுக்கோ மகளுக்கோதான் கம்ப்யூட்டர் வாங்கியிருப்பீர்கள். அவர்கள் நாளை போய் உட்காரப் போகும் இடத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன்.

நம் ஊர் ஐ.டி. கம்பெனிகளில் பெரும்பாலானவை வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு வேலை செய்து கொடுப்பவை. பேங்க் வேலைகளுக்கு ஒரு யூனிட், இன்சூரன்ஸுக்கு ஒரு யூனிட் என்று பிரித்திருப்பார்கள். ஒரு இன்ஜினீயர் ஒரு யூனிட்டின் ஆள். ஆனால் தினமும் வேலை சொல்பவர் புராஜெக்ட் மேனேஜர். அந்த ஆளின் நேரத்துக்கு வாடிக்கையாளர் பணம் கொடுத்தால் அவர் 'பில்லிங்'கில் இருக்கிறார். புராஜெக்ட் முடிந்து அடுத்தது கிடைக்காமல் காத்திருந்தால் 'பெஞ்ச்'சில் இருக்கிறார். பள்ளிக்கூட பெஞ்ச் இல்லை. ஆட்டத்தில் சேர்க்காமல் ஓரத்தில் உட்கார வைக்கும் பெஞ்ச். 100 பேரில் எத்தனை பேர் பில்லிங்கில் என்ற சதவீதத்தைத்தான் ஒவ்வொரு யூனிட்டிலும் கண் கொட்டாமல் பார்ப்பார்கள். ஆட்களைப் பங்கு பிரிப்பதற்கென்றே தனி டிபார்ட்மென்டும் உண்டு.

நான் முதலில் சேர்ந்த கம்பெனியில் எங்கள் புராஜெக்டுக்கு அனுபவமுள்ள ஒரு டெஸ்டர் தேவைப்பட்டார். இரண்டு மாதம் கேட்டுக் கொண்டே இருந்தோம். டெஸ்ட் செய்ய ஆள் இல்லாமல் நாங்களே எழுதியதை நாங்களே சரிபார்த்து அனுப்பினோம். இரண்டு முறை வாடிக்கையாளரிடம் மாட்டிக் கொண்டோம். அதே மாடியில், கேன்டீனுக்குப் போகும் வழியில், அந்த வேலையில் எட்டு வருட அனுபவமுள்ள ஒரு அக்கா பெஞ்சில் இருந்தார். தினமும் டீ சாப்பிடும்போது பேசிக் கொள்வோம். எங்கள் கஷ்டத்தைச் சொன்னால், "நான் வர்றேன்னுதான் எழுதிக் கொடுத்திருக்கேன் தம்பி" என்பார். அவர் வேறு யூனிட். ஏதோ ஒரு புராஜெக்ட் வரப் போகிறது என்று அவருடைய யூனிட் தலைவர் அவரைப் பிடித்து வைத்திருந்தார். அனுப்பிவிட்டால் திரும்பக் கிடைக்க மாட்டார் என்று பயம். எங்கள் யூனிட்டோ, அவருடைய சம்பளக் கணக்கு தங்கள் பக்கம் ஏறுவதற்கு அந்தக் காலாண்டில் அனுமதி இல்லை என்றது. யாரும் கெட்டவர்கள் இல்லை. அவரவர் கட்டத்துக்கு அவரவர் நியாயமாகத்தான் நடந்து கொண்டார்கள்.

வரப் போகிறது என்ற அந்த புராஜெக்ட் வரவில்லை. பெஞ்சில் இருக்கலாம் என்ற கெடு முடிந்தது. அக்காவை ராஜினாமா செய்யச் சொன்னார்கள். பையன் பத்தாம் வகுப்பு, வீட்டுக் கடன் வேறு. அவர் போய் மூன்றாவது வாரம், வெளியிலிருந்து காண்டிராக்டில் ஒரு டெஸ்டரை அதிகச் சம்பளத்துக்கு எங்கள் புராஜெக்டில் சேர்த்தார்கள். வெளியாளுக்கான பட்ஜெட் வேறு தலைப்பில் இருந்ததாம்.

எனவே உங்கள் பிள்ளைகள் இன்டர்வியூவுக்குப் போகும்போது, சம்பளத்தோடு சேர்த்து இரண்டு கேள்விகளையும் கேட்கச் சொல்லுங்கள். எந்த யூனிட்டில் போடப் போகிறீர்கள்? அந்த யூனிட்டிலிருந்து வேறு யூனிட்டுக்கு மாற என்ன வழி?

நீங்கள் செய்யக் கூடியது

சாப்ட்வேர் வாங்கும்போதும் இதே பார்வை உதவும். இது கம்பெனியின் நடு வீட்டில் இருக்கிறதா, திண்ணையில் இருக்கிறதா என்று பாருங்கள். இலவசமாக, ஓரமாக இருப்பது எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஆட்கள் எப்போது வேண்டுமானாலும் போய்விடலாம். கூகுள் ரீடர் 2013 ஜூலையில் மூடப்பட்டது. கம்ப்யூட்டரில் போட்டோக்களை அடுக்கி வைக்கப் பலர் நம்பியிருந்த பிகாசாவை 2016-ல் கூகுள் கைவிட்டது. விண்டோஸ் மூவி மேக்கரும் 2017 ஜனவரியோடு நின்றது. புதிய பதிப்பு கடைசியாக எப்போது வந்தது என்று அந்த சாப்ட்வேரின் 'அபவுட்' பகுதியிலோ கம்பெனியின் தளத்திலோ பாருங்கள். ஒன்றிரண்டு வருடங்களாக அசைவே இல்லை என்றால் உங்கள் போட்டோக்களையும் கடிதங்களையும் அதற்குள் மட்டும் வைத்திருக்காதீர்கள். வேறு புரோகிராம்களும் திறக்கக் கூடிய ஜேபெக், பிடிஎப் போன்ற பார்மட்டில் ஒரு காப்பி எடுத்து வையுங்கள்.

குறை சொல்வதற்கும் வழி இருக்கிறது. விண்டோஸ் 11-ல் விண்டோஸ் கீயையும் எப் கீயையும் சேர்த்து அழுத்தினால் 'பீட்பேக் ஹப்' திறக்கும். உங்கள் குறையை ஒரே வரியில் எழுதுங்கள். ஏற்கெனவே வேறு யாராவது அதையே எழுதியிருந்தால் புதிதாக ஒன்று எழுதாமல் அதற்கே ஆதரவு கொடுங்கள். எந்த வகை என்றும் கேட்கும். பலர் இந்த இடத்தில் ஏதோ ஒன்றைக் கிளிக் செய்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். நீங்கள் தேர்ந்தெடுக்கும் வகையைப் பொறுத்துத்தான் அது எந்தக் குழுவிடம் போகிறது என்பது முடிவாகிறது. சித்தப்பாவும் நானும் அன்று மாலை அதைத் திறந்தோம். டபுள் கிளிக்கை மவுஸ் என்று போடுவதா, செட்டிங்ஸ் என்று போடுவதா என்று கால் மணி நேரம் யோசித்துவிட்டு, செட்டிங்ஸ் என்று போட்டு அனுப்பினோம்.